பொண்ணோட கிளிப்பைக் கழட்டிடலாமான்னு கேட்ட அம்மாவுக்கு

கோபிசெட்டிபாளையம் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு அம்மா நீளமா எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, பொண்ணு படிக்கற ஸ்கூலு எதையும் இங்க போடல. அவங்க பொண்ணுக்கு 16 வயசு, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல பிளஸ் ஒன் படிக்குது. முன்பல்லு துருத்திட்டு இருந்ததால மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு நாலு பல்லை எடுத்துட்டு கிளிப் போட்டிருக்காங்க, இப்ப ஒம்பது மாசம் ஆச்சு. ஹாஸ்டல்ல இருந்து மாசம் ஒருக்காதான் ஊட்டுக்கு வரமுடியுது, சில மாசம் அதுவும் இல்ல, அதனால டாக்டர்கிட்ட போறது ரெண்டு தடவை விட்டுப்போச்சு. போன தடவை வந்தப்ப பாத்தா ஈறு வீங்கி செவசெவன்னு இருக்குது, பல்லு வெளக்குனா ரத்தம் வருது, வாய்நாத்தம் அடிக்குது, கிளிப்பைச் சுத்தி சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு. பொண்ணு பக்கத்துல உக்காந்து பேசவே கூச்சப்படுதாம்.

ரத்தம் வருதேன்னு "இனி ஒரு வேளை மட்டும், அதுவும் வெரல்ல உப்பு தொட்டு மெதுவா தேய்ச்சா போதும்"னு அந்தம்மா சொல்லியனுப்பியிருக்காங்க. அம்மாயி வேப்பங்குச்சியும் கரித்தூளும் குடுத்து விட்டிருக்காங்க. வெள்ளைத் திட்டு போர்த்தண்ணியால வந்ததுன்னு பக்கத்து ஊட்டுக்காரங்க சொல்றாங்களாம். அப்பா, "கிளிப்பை இப்பவே கழட்டிடலாம், பிளஸ் டூ முடிஞ்ச பொறவு மறுக்கா போட்டுக்கலாம்"கிறாரு. டாக்டரோ ரெண்டு தடவை கழண்டு வந்த பிராக்கெட்டை (கம்பியைப் புடிக்க பல்லு மேல ஒட்டற குட்டித் துண்டு) ஒட்டறதுக்கு தனியா காசு வாங்கிட்டு பொண்ணையும் திட்டியிருக்காரு, அதுல இருந்து அது அங்க போகவே மாட்டேங்குது. டாக்டரை மாத்தலாமா, கிளிப்பைக் கழட்டலாமா, கிளிப் போட்டதே தப்பா? இதுதான் அவங்க கேள்வி.

ஏனுங்கம்மா, கடைசிக் கேள்விக்கு மொதல்ல சொல்லிடறேன். கிளிப் போட்டது தப்பில்லீங்க. கிளிப் பல்லைக் கெடுக்காது, அதைச் சுத்தித் தேங்கற ஊத்தைதான் கெடுக்குது. பல்லு வழுவழுன்னு இருக்கறப்ப நாக்கும் எச்சிலும் பாதி அழுக்கைத் தானா தள்ளிவிட்டுடும், அதுமேல பிராக்கெட்டை ஒட்டி கம்பியைக் கோத்துட்டா வேலி முள்ளுல பஞ்சு சிக்கற மாதிரி ஒவ்வொரு மூலையிலயும் சோறு சிக்கிக்கும். அதை எடுக்க நேரமும் வேணும், தனி பிரஷ்ஷும் வேணும், எப்படின்னு ஒருத்தர் கைபுடிச்சு சொல்லியும் தரோணும். உங்க பொண்ணுக்கு இந்த மூணுமே கெடைக்கலைன்னுதான் நீங்க எழுதுனதைப் படிச்சா தெரியுது. அவ சோம்பேறின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ரத்தம் வந்தா பிரஷ்ஷை நிறுத்தக்கூடாதுங்க

நீங்க பயந்துட்டு வெளக்கறதைக் கொறைக்கச் சொன்னது எல்லா அம்மாவும் செய்யறதுதான், ஆனா நடக்கறது நேர்மாறா. பிரஷ் பட்டதால ஈறு புண்ணாகி ரத்தம் வரல. ஈறு ஓரத்துல நாள் கணக்கா ஊத்தை இருந்ததால ஈறு வீங்கிக் கெடக்குது, வீங்குன ஈறுல எது பட்டாலும் ரத்தம் வரும். வெளக்கறதைக் கொறைச்சா ஊத்தை இன்னும் சேரும், வீக்கம் எச்சாகும், ரத்தமும் எச்சாத்தான் வரும். நல்லா இருக்கற ஈறு கூட சுத்தம் பண்ணாம விட்டா ரெண்டு மூணு வாரத்துல இப்படி ஆயிடும், அதே மாதிரி ஒழுங்கா சுத்தம் பண்ண ஆரம்பிச்சா ஒரு வாரம் பத்து நாள்ல ரத்தம் கொறையறதைக் கண்ணால பாக்கலாம். மொத நாலஞ்சு நாள் பிரஷ்ஷுல ரத்தம் வரத்தான் செய்யும், அதைப் பாத்து நிறுத்தக்கூடாதுன்னு பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. இந்த வயசுல ஒடம்புல நடக்கற ஹார்மோன் மாத்தத்தால ஈறு கொஞ்சம் ஊத்தைக்கே எச்சா வீங்கும், அதுவும் இதுல ஒரு பங்கு.

உப்பை வெரல்ல தொட்டு பல்லுல தேய்க்க வேண்டாமுங்க. அது எனாமலை, அதாவது பல்லோட கெட்டியான மேல்படலத்தை, உரசும், கம்பிக்கு அடியில வெரலும் போகாது. வெதுவெதுப்பான தண்ணி ஒரு டம்ளர்ல அரை ஸ்பூன் உப்பு போட்டு கொப்புளிக்கறது நல்லது, வாய்ப்புண்ணுக்கும் எதமா இருக்கும், ஆனா பிரஷ் பண்ற வேலையை அது செய்யாது. கரித்தூளைக் கண்டிப்பா நிறுத்துங்க, பல்லையும் தேய்க்கும், பிராக்கெட் இடுக்குலயும் ஈறுலயும் போய் கருப்பா தங்கிக்கும். வேப்பங்குச்சியை அம்மாயி மனசு நோகாம எடுத்து வெச்சுடுங்க. கிளிப் இல்லாத வாயில அது ஓரளவு வேலை செய்யும், கிளிப் மேல குச்சியை வெச்சு அழுத்துனா பிராக்கெட்தான் கழண்டு வரும்.

வெள்ளைத் திட்டு போர்த்தண்ணியால வந்ததா?

இதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேனுங்க, ஏன்னா நம்ம பக்கம் தண்ணி மேல எல்லாருக்கும் சந்தேகம் இருக்குது, அது காரணம் இல்லாத சந்தேகமும் கெடையாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கமெல்லாம் போர்த்தண்ணியில ஃபுளோரைடு அதிகமா இருக்கற எடம் நெறைய, பல்லுல பழுப்புக் கறையோட வளந்த தலைமுறைகளே அங்க இருக்காங்க, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததுக்கு அதுதான் பெரிய காரணம். குடிக்கற தண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள ஃபுளோரைடு இருக்கோணும், வேற வழியே இல்லாத எடத்துல 1.5 வரைக்கும்னு நம்ம நாட்டு அளவுகோல் இருக்குது. ஆனா அந்தக் கறை எப்ப வரும்னா, பல்லு ஈறுக்குள்ள உருவாயிட்டு இருக்கற சின்ன வயசுல, அதாவது ஏறக்கொறைய எட்டு வயசு வரைக்கும், அந்தத் தண்ணியைக் குடிச்சு வளந்தாத்தான் முன்பல்லுல வரும். பல்லு மொளைக்கும்போதே கறையோடதான் மொளைக்கும், எடப்பக்கம் ஒரு பல்லுல இருந்தா வலப்பக்கம் அதே பல்லுலயும் இருக்கும். 16 வயசுல ஹாஸ்டல் தண்ணியைக் குடிச்சு புதுசா வராதுங்க.

உங்க பொண்ணோட பழைய போட்டோவை எடுத்துப் பாருங்க, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி சிரிச்ச போட்டோவுல அந்தத் திட்டு இல்லைன்னா சந்தேகமே வேண்டாம். கிளிப்புக்கும் ஈறுக்கும் நடுவுல, பிராக்கெட்டைச் சுத்தி வளைஞ்சு வந்திருக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அது ஊத்தை தங்குன எடம். அங்க இருக்கற கிருமிக சக்கரையைத் தின்னு அமிலம் விடும், அந்த எடத்துல பிஹெச் (அமில அளவைக் காட்டற எண், கொறைஞ்சா அமிலம் எச்சுன்னு அர்த்தம்) 5.5க்குக் கீழ போயிட்டா எனாமல்ல இருக்கற கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். கரைஞ்ச எடம் சுண்ணாம்பு மாதிரி மங்கிப்போய் வெள்ளையா தெரியும். சொத்தைக்கு மொதப்படி இதுதானுங்க. கிளிப் போட்ட ஒரு மாசத்துலயே கூட இது வந்துடலாம், அதனால ஒம்பது மாசத்துல வந்ததுல ஆச்சரியமில்ல. நல்ல சேதி என்னன்னா, ஓட்டை விழாத வரைக்கும் இது அங்கயே நிக்க வைக்கக்கூடிய விசயம், கொஞ்சம் திரும்பவும் கெட்டிப்படும்.

நிக்க வைக்கறது எது தெரியுங்களா, நீங்க பயப்படற அதே ஃபுளோரைடுதான். முழுங்கறது வேற, பல்லு மேல பூசிட்டு துப்பறது வேற. பேஸ்ட்டுல இருக்கற ஃபுளோரைடு எச்சில்ல இருக்கற கால்சியத்தை மறுபடி எனாமலுக்குள்ள போக வைக்கும். நீங்க இயற்கையானதுன்னு நம்பி வாங்கிக் குடுக்கற மூலிகை பேஸ்ட் டப்பாவைத் திருப்பிப் பாருங்க, அந்த வகையில பலதுல ஃபுளோரைடு சுத்தமா இருக்காது. கிளிப் போட்ட வாய்க்கு 1000 பிபிஎம் ஃபுளோரைடுன்னு போட்டிருக்கற பேஸ்ட் வேணும், நம்ம நாட்டு விதிப்படி கடை பேஸ்ட்டுல அதிகபட்சமே அவ்வளவுதான் இருக்கலாம். வெளக்கி முடிச்சதும் நுரையைத் துப்பிட்டு அப்படியே விடச் சொல்லுங்க, நாலு மக்கு தண்ணி ஊத்திக் கொப்புளிச்சா போட்ட மருந்தெல்லாம் வாஷ்பேசினோட போயிடும்.

இப்பவே கழட்டிடலாமா?

அப்பா சொல்றதுல பாதி நியாயம் இருக்குதுங்க. புள்ளை வாய் கெட்டுப்போயிட்டு பல்லு மட்டும் நேரா இருந்து என்ன பண்றதுன்னு அவரு நெனைக்கறாரு, நானும் அதையேதான் நெனைப்பேன். ஆனா இந்தப் பொண்ணுக்கு நாலு பல்லு எடுத்தாச்சு. அந்த எடம் பாதிதான் மூடியிருக்குதுன்னு எழுதியிருக்கீங்க. இப்பக் கழட்டுனா அந்தச் சந்து அப்படியே நிக்கும், ரெண்டு பக்கத்துப் பல்லும் சாய்ஞ்சு அதுக்குள்ள வர ஆரம்பிக்கும், கடிக்கறது கோணலாகும், சந்துல சோறு மாட்டும். ஒன்றரை வருசம் கழிச்சு மறுபடி போடறப்ப எல்லாம் மொதல்ல இருந்து, செலவும் திரும்ப. அதுபோக, கழட்டுனதும் வெள்ளைத் திட்டு மறையப் போறதில்ல, பழக்கம் மாறலைன்னா கிளிப் இல்லாமயும் சொத்தை வரும்.

அதே சமயம் எப்படியாச்சும் இழுத்துட்டு போயிடலாம்னும் நான் சொல்லமாட்டேன். நடுவுல ஒரு வழி இருக்குது, அதை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. மொதல்ல பல்லு கிளீன் பண்ணி காரையை எடுக்கோணும் (கிளீன் பண்ணா பல்லு ஆடும்கிறது வெறும் பயம், கிளிப் போட்ட பல்லு நகந்துட்டு இருக்கறதால கொஞ்சம் ஆடறது சகஜம்தான்). அப்புறம் கம்பியை மட்டும் கழட்டிட்டு பிராக்கெட்டை அப்படியே விட்டு நாலு வாரம் ஆறு வாரம் ஈறுக்கு ஓய்வு குடுக்கலாம். இல்லைன்னா இழுக்காத கம்பியா போட்டு பல்லை இருக்கற எடத்துலயே நிறுத்தி வைக்கலாம், பல்லு எடுத்த சந்து இருக்கறதால பெரும்பாலும் டாக்டருங்க ரெண்டாவதைத்தான் சொல்லுவாங்க. கூடவே ஃபுளோரைடு வார்னிஷ் பூசிவிடச் சொல்லுங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா பூசறது வழக்கம். அரையாண்டு லீவுல ஆரம்பிச்சா பொங்கல் நோம்பிக்கு வரும்போது எவ்வளவு தேறியிருக்குன்னு தெரிஞ்சுடும். ஈறு அடங்கியிருந்தா தாராளமா மேல போகலாம்.

எப்ப நானே கழட்டச் சொல்லுவேன்னா, வெள்ளைத் திட்டு பழுப்பாகி குழி விழுந்தா, ரெண்டு மூணு தடவை சொல்லிக் குடுத்தும் ஊத்தை அப்படியே இருந்தா, இல்ல உங்க பொண்ணே மனசார "எனக்கு இது வேண்டாம்"னு சொன்னா. மூணாவதை லேசா எடுத்துக்காதீங்க. வாய் அவளுது, பிரஷ் புடிக்கப் போறதும் அவதான். நீங்களும் அவ அப்பாவும் முடிவு பண்றதுக்கு முன்னாடி அவகிட்ட திட்டாம கேட்டுட்டீங்களா? அது எதுவும் கடிதத்துல இல்ல, அதனாலதான் கேக்கறேன்.

ஹாஸ்டல்ல எப்படிச் செய்யறது

இந்த எடத்தை உங்க பொண்ணு படிக்கற மாதிரியே எழுதறேன், அவகிட்ட காட்டுங்க.

கண்ணு, காலையில அஞ்சு மணிக்கு ஸ்டடி, குளிக்கற எடத்துல வரிசை, ராத்திரி பத்து மணி வரைக்கும் படிப்புன்னு உன்னோட நாள் எப்படிப் போகும்னு தெரியும், அதனால நாளைக்கு அஞ்சு தடவை வெளக்குன்னு சொல்லப்போறதில்ல. ராத்திரி ஒரு தடவை முழுசா, காலையில சாப்பிட்ட பொறவு ஒரு தடவை, மத்தியானம் ஒரு நிமிசம், அவ்வளவுதான். இதுல ராத்திரிதான் முக்கியம், தூங்கறப்ப எச்சில் ஊறறது கொறைஞ்சுடும், வாயில இருக்கற ஊத்தையைத் தடுக்க ஆளே இருக்காது. மத்த எதை விட்டாலும் ராத்திரியை விடாத.

ராத்திரி அஞ்சு நிமிசம் வேணும். வாஷ்பேசின்ல எடம் கெடைக்கலைன்னா கட்டில்ல உக்காந்து ஒரு கையில சின்னக் கண்ணாடி, ஒரு கையில பிரஷ், பேஸ்ட் இல்லாமயே மொத ரவுண்டை முடிச்சுடலாம், கடைசி ரெண்டு நிமிசம் பேஸ்ட் போட்டுக்கோ. கிளிப்புக்குன்னே நடுவுல பள்ளம் விட்ட பிரஷ் மருந்துக்கடையில கெடைக்கும், மெதுவானதா வாங்கு. பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேர்ற எடத்துல சாய்ச்சு வெச்சு ஈறு ஓரம் ஒரு ரவுண்டு, பிராக்கெட் மேல ஒரு ரவுண்டு, பிராக்கெட்டுக்கு அடியில மேல்நோக்கிச் சாய்ச்சு ஒரு ரவுண்டு. அவசரத்துல எல்லாரும் நடு ரவுண்டை மட்டும் பண்ணிட்டு போயிடறாங்க, உனக்கு வெள்ளையா இருக்கறது ஈறு ஓரம், அப்ப விட்டுப்போறது அந்த ரவுண்டுதான். உள்பக்கமும் கடிக்கற பக்கமும் வழக்கம்போல. வேகமா முன்னும் பின்னும் இழுக்காத, சின்னச் சின்னதா வட்டமா அசைச்சா போதும்.

அப்புறம் சந்து பிரஷ், அதான் இன்டர்டென்டல் பிரஷ்னு குட்டியா கம்பி வெச்சு வரும். அதைக் கம்பிக்கு அடியில மேலிருந்து கீழ விட்டு ஒவ்வொரு பிராக்கெட்டோட ரெண்டு பக்கமும் ரெண்டு தடவை இழு. பல்லு எடுத்த சந்துலயும் விடு, வாய்நாத்தம் பாதி அங்க இருந்துதான் வருது. பத்து நாள் இதை மட்டும் ஒழுங்கா பண்ணுனா நாத்தம் எவ்வளவு போகுதுன்னு உனக்கே தெரியும், நாக்கையும் வழிச்சுக்கோ. மத்தியானம் சாப்பிட்டுட்டு தண்ணியில நல்லா பலமா கொப்புளிச்சு, சந்து பிரஷ்ஷை ஒரு சுத்து விட்டா போதும், பெரிய பிரஷ் வேண்டாம். கிளிப் மேல பட்டு பட்டு பிரஷ் சீக்கிரம் விரிஞ்சுடும், ஒரு மாசம் ஒன்றரை மாசத்துல மாத்தோணும்.

நாத்தம்னு யாருகிட்டயும் பேசாம ஒதுங்காத. இது கழுவுனா போற விசயம், உன்னோட கொறை கெடையாது.

அம்மாவுக்கு மறுபடியும். மவுத்வாஷ் வாங்கிக் குடுத்தா போதும்னு நெனைக்காதீங்க, ஒட்டியிருக்கற ஊத்தையை அது பேக்காது. 0.05 சதவீதம் சோடியம் ஃபுளோரைடு இருக்கற மவுத்வாஷ் கூடுதலா நல்லது, வெளக்கற நேரத்துல இல்லாம சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து ஒரு நிமிசம் கொப்புளிச்சுட்டு துப்பலாம். ஈறு வீக்கத்துக்கு டாக்டர் குளோர்ஹெக்சிடின்கிற கிருமிகொல்லி மவுத்வாஷ் எழுதிக் குடுத்தா அவரு சொன்ன நாள் மட்டும், வழக்கமா ரெண்டு வாரம்தான். அதுக்குமேல போனா பல்லுல பழுப்புக் கறை படியும். பேஸ்ட்டுக்கும் அதுக்கும் அரை மணி நேரமாவது எடைவெளி விடோணும், இல்லைன்னா ஒண்ணை ஒண்ணு கெடுத்துடும்.

பொண்ணு மாசம் ஒருக்கா வரும்போது ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. ஊத்தையைச் சிவப்பா காட்டற மாத்திரை பல் டாக்டர்கிட்ட கேட்டா கெடைக்கும், இல்லாட்டி கேக்குக்குப் போடற ஃபுட் கலர் ரெண்டு சொட்டு தண்ணியில கலந்து கொப்புளிக்கச் சொல்லுங்க. எங்க கலர் ஒட்டுதோ அங்க ஊத்தை இருக்குது. அதை அவளே கண்ணாடியில பாத்து அவளே தேய்ச்சு எடுக்கட்டும், நூறு தடவை சொல்றதை விட அது வேலை செய்யும்.

ஸ்கூல் வார்டன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. சிகிச்சை நடக்குது, காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் அஞ்சு நிமிசமும் ராத்திரி அஞ்சு நிமிசமும் வேணும், ஆறு வாரத்துக்கு ஒருக்கா டாக்டர்கிட்ட போக லீவு வேணும்னு டாக்டர் லெட்டர்பேடுல எழுதி வாங்கிக் குடுங்க. புள்ளை கேட்டா குடுக்காத நேரத்தை அந்தக் காகிதம் வாங்கிக் குடுத்துடும்.

பலகாரப் பெட்டி

நீங்க ஆசையா செஞ்சு அனுப்பற டப்பாவுல ராகி முறுக்கு, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், கச்சாயம் எல்லாம் இருக்குது, "கடைச் சாக்லேட் இல்ல, எல்லாம் கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை"ன்னு எழுதியிருக்கீங்க. உங்க கைப்பக்குவத்தைக் கொறை சொல்லலீங்க. ஆனா பல்லுல இருக்கற கிருமிக்கு வெள்ளைச் சக்கரை, நாட்டுச்சக்கரை, வெல்லம், தேன் எல்லாம் ஒண்ணுதான், எல்லாத்துலயும் அமிலம் பண்ணும். அதுலயும் எவ்வளவு திங்கறோம்கிறதை விட எத்தனை தடவை திங்கறோம்கிறதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவை இனிப்பு வாயில போனதும் அமிலம் ஏறும், எச்சில் அதை அடக்க அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் ஆகும். படிச்சுட்டே அரை மணிக்கு ஒண்ணுன்னு உருண்டையைக் கடிச்சா அந்த நாள் பூரா எனாமல் கரையற நேரம்தான். ஒரு கச்சாயம் திங்கோணும்னா சாப்பாட்டோட சேத்துத் தின்னுட்டு கொப்புளிக்கட்டும், தனியா கொறிக்க வேண்டாம்.

பிராக்கெட் ரெண்டு தடவை கழண்டது எதுனாலன்னு கேட்டிருந்தீங்க. எனக்கு சந்தேகம் முறுக்கு மேலயும் கடலை மிட்டாய் மேலயும்தான். தட்டுவடை, கரும்பை நேரா கடிக்கறது, கொய்யாவை முழுசா கடிக்கறது, கோழி எலும்பு, ஐஸ் கட்டி இதெல்லாம் கிளிப் இருக்கற வரைக்கும் வேண்டாம். கொய்யாவை சின்னத் துண்டா நறுக்கி கடவாப்பல்லுல மென்னா ஒண்ணும் ஆகாது. பப்பாளி, வாழைப்பழம், அவிச்ச நிலக்கடலை, பொரிகடலை, சுண்டல், சந்தகை, அரிசியும் பருப்புஞ்சாதம் எல்லாம் தாராளமா. பாட்டில் கூல்டிரிங்கும் பன்னீர் சோடாவும் சக்கரையும் அமிலமும் சேந்து ரெண்டு வழியில கெடுக்கும், அதுக்கு எளநீரோ மோரோ மேல். மஞ்சள் தூள்ல கிளிப் ரப்பர் மஞ்சளாகுதுன்னு கவலைப்பட்டிருக்கீங்க, நம்ம கொழம்பு சாப்பிட்டா ஆகத்தான் செய்யும், பல்லுக்கு ஒரு கெடுதலும் இல்ல, அடுத்த தடவை ரப்பர் மாத்தும்போது போயிடும், கருநீலம் மாதிரி அடர் கலர் போட்டுக்கிட்டா தெரியாது.

கம்பி குத்துச்சுன்னு கூடப்படிக்கற புள்ளை நெகவெட்டியில வெட்டி விட்டதா எழுதியிருக்கீங்களே, அது மட்டும் இனி வேண்டாமுங்க, வெட்டுன துண்டு தொண்டைக்குள்ள போயிடலாம். டாக்டர்கிட்ட மெழுகு வாங்கி ஹாஸ்டல் பையில போட்டு விடுங்க, அந்த எடத்தைத் தொடைச்சு காய வெச்சுட்டு பட்டாணி அளவு உருட்டி குத்தற எடத்துல அப்பிடலாம். பிராக்கெட் கழண்டு கம்பியில தொங்குனா இழுக்காம போன் பண்ணிக் கேக்கச் சொல்லுங்க. தனியா வந்துட்டா காகிதத்துல மடிச்சு வெச்சு எடுத்துட்டு வரட்டும்.

டாக்டரை மாத்தறது

புள்ளையைத் திட்டுனது எனக்கும் வருத்தமா இருக்குது. பயந்த புள்ளை திரும்ப வராது, வராத புள்ளை வாய் இன்னும் கெடும். ஆனா அதுக்காக உடனே மாத்த வேண்டாம், ஒரு தடவை நீங்களும் பொண்ணோட அப்பாவும் சேந்து போய் "வெளக்கச் சொல்லிக் குடுங்க, திட்டாதீங்க"ன்னு நேரா சொல்லிப் பாருங்க. பிராக்கெட் ஒட்ட காசு வாங்கறது பல எடத்துல வழக்கம், தின்னு ஒடைச்சதுக்கு வாங்குனா தப்புன்னு சொல்லமுடியாது, ஆனா ஆரம்பத்துலயே எழுதிக் குடுத்திருக்கோணும். பில் கேட்டு வாங்குங்க. கிளிப் வேலைக்குன்னே பல் மருத்துவத்துல தனி எம்.டி.எஸ். படிப்பு மூணு வருசம் இருக்குது, அதைப் படிச்சவரா, தமிழ்நாடு டென்டல் கவுன்சில்ல பதிவு இருக்குதான்னு கேக்கறதுல மரியாதைக்கொறைவு ஒண்ணுமில்ல.

பேசியும் சரிவரலைன்னா மாத்தலாம், அது உங்க உரிமை. எக்ஸ்ரே, போட்டோ, பல் அச்சு, சிகிச்சைத் திட்டம், இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்குதுன்னு ஒரு கடிதம், கட்டுன பணத்துக்கு ரசீது இதெல்லாம் கேட்டு வாங்கிக்குங்க. பாதியில எடுத்துக்கற டாக்டர் புதுசா காசு கேப்பாரு, அவரு பயன்படுத்தற பிராக்கெட் வேறயா இருந்தா எல்லாத்தையும் மாத்தவும் வேண்டி வரலாம், மொத எடத்துல கட்டுனதுல எவ்வளவு திரும்பும்கிறது நீங்க போட்ட பேச்சைப் பொறுத்தது. காசு குடுத்து வாங்கற மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்குது, ஆனா நீங்க எழுதுனதை வெச்சுப் பாத்தா அவ்வளவு தூரம் போற விசயம் இதுல எதுவும் எனக்குத் தெரியல. ஹாஸ்டலுக்குப் பக்கமா இருந்தா நல்லதுன்னா திருச்செங்கோட்டுலயும் சேலத்துலயும் பல் மருத்துவக் கல்லூரிக இருக்குது, செலவு கம்மி, நேரம் கொஞ்சம் எச்சா ஆகும், ஆனா ஸ்கூல்ல இருந்து போய்ட்டு வர லேசு. மாசாமாசம் கோபி வரைக்கும் வரமுடியாம ரெண்டு தடவை விட்டதை நெனைச்சா, உங்களுக்கு மாத்தறதுக்கு உண்மையான காரணம் தூரம்தான்னு எனக்குத் தோணுது.

வெள்ளைத் திட்டு கடைசி வரைக்கும் இருக்குமான்னு கேட்டிருந்தீங்க. கிளிப் எடுத்த பொறவு மொத ஆறு மாசம் எச்சிலும் பேஸ்ட்டுமே கொஞ்சம் மங்க வைக்கும், சிலது அப்படியே நிக்கும். அவசரப்பட்டு வெளுக்கற சிகிச்சை உடனே பண்ணாதீங்க, சுத்தியிருக்கற பல்லு வெளுத்து திட்டும் கூட வெளுத்து நெனைச்ச பலன் வராம போகலாம். மிச்சமா நிக்கற திட்டுக்குள்ள ரெசின்கிற மெல்லிய பிசினை எறக்கி நெறத்தைச் சரிபண்ற முறை இருக்குது, பல்லைத் தோண்டாம பண்ணலாம், அதை அப்ப பாத்துக்கலாம். ஆனா முகம் வீங்குனா, காய்ச்சலோட பல்லுவலி வந்தா, கீழ விழுந்து வாயில அடிபட்டா இல்ல ஈறு பல்லையே மூடற அளவுக்கு வளந்தா லீவுக்குக் காத்துட்டு இருக்காம அன்னைக்கே பக்கத்துல இருக்கற எந்தப் பல் டாக்டர்கிட்டயாச்சும் கூட்டிட்டுப் போகச் சொல்லி வார்டன்கிட்ட எழுதியே குடுத்து வைங்க.